விடுமுறை வாசிப்புக்கு எந்தப் புத்தகம்? ஒரு இலட்சம் ரூபாவுக்குள் ஒரு கணக்கு

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் ஒரு பிரதேச சபை நூலகமோ கிராமத்து வாசிகசாலையோ ஆகஸ்ட் விடுமுறைக்குச் சிறுவர் வாசிப்புத் திட்டம் தொடங்குவதென்றால், முதல் கூட்டத்திலேயே இழுபறி வருவது புத்தகப் பட்டியலில்தான். ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் இருந்தால் கலைக்களஞ்சியம் கேட்பார். பெற்றோர் பக்கத்திலிருந்து ஆங்கிலம் வரும். பொருளாளர், “அலுமாரிக்குள்ள கிடக்கிறத எடுத்துக் குடுங்களன், எதுக்குப் புதுசு?” என்பார். உள்ளூர் எழுத்தாளர் ஒருவர் தன் நூலில் இன்னும் ஐம்பது பிரதி வீட்டில் இருப்பதை மெல்லச் சொல்லி வைப்பார். யார் சொல்வதிலும் ஏதோ நியாயம் இருக்கிறது. காசு மட்டும் எல்லோரையும் திருப்திப்படுத்தப் போதாது.

கல்லாறுக்கும் கல்முனைக்கும் இடையிலுள்ள ஊரொன்றின் வாசகர் வட்டத்தில் இருப்பவன் நான். இந்தப் பக்கத்து நூலகங்களுக்குக் கிடைக்கக்கூடிய தெரிவுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை. கணக்கு எளிதாக இருக்க இப்படி வைத்துக்கொள்வோம்: கையில் ஒரு இலட்சம் ரூபா, தரம் 2 முதல் தரம் 8 வரை அறுபது பிள்ளைகள், ஆளுக்கு வாரம் இரண்டு புத்தகம் வீட்டுக்கு. அப்படியானால் எந்த நேரத்திலும் 120 புத்தகம் வெளியே இருக்கும். அதே அளவாவது அலுமாரியிலும் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளை தெரிவு செய்கிறது என்பது வெறும் பேச்சுத்தான். ஆக, 240 புத்தகம். சராசரி விலை 400 ரூபாவைத் தாண்டினால் திட்டம் படுத்துவிடும். கூட்டத்தில் யார் எந்த நூலைச் சொன்னாலும் இந்த 400ஐ நினைவில் வைத்துக்கொண்டு கேட்பது நல்லது.

அளவுகோல் ஒன்றையும் முதலே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்குக் கொண்டுபோன புத்தகத்தைப் பிள்ளை முடித்ததா, முடித்துவிட்டு இன்னொன்றுக்கு வந்ததா? நல்ல நூலா, இலக்கியமா, பரீட்சைக்கு உதவுமா என்பதெல்லாம் எனக்கு அதற்குப் பிறகுதான். விடுமுறையில் வாசிப்புத் தேய்ந்துபோவது உலகம் முழுக்கப் பேசப்படும் விஷயம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வறிய குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளில் ஓர் ஆய்வு நடந்தது. தொடர்ந்து 3 கோடை விடுமுறைகளுக்கு, ஒவ்வொரு முறையும் பிள்ளைக்கு 12 புத்தகங்கள். புத்தகத்தைத் தெரிந்தெடுத்தது ஆசிரியர்கள் இல்லை, பிள்ளைகளே. 2010இல் வெளியான முடிவுகளின்படி, புத்தகம் கிடைத்த பிள்ளைகளின் வாசிப்புத் திறன் கிடைக்காதவர்களுடையதைவிட மேலே இருந்தது. அதிகம் பேர் அள்ளிக்கொண்டு போனவை பாடகர்களையும் நட்சத்திரங்களையும் பற்றிய புத்தகங்களாம். பெரியவர்கள் முகம் சுளிக்கிற வகைதான். எங்கள் பிள்ளைகளை விட்டால் கிரிக்கெட்காரர்களையும் யானையையும் பேயையும் எடுப்பார்கள். எடுக்கட்டும்.

அலுமாரியில் இருப்பதும் நன்கொடையாக வருவதும்

காசு கேட்காத தெரிவு இது, அதனால் முதலில் எல்லோர் கண்ணும் இதில்தான் விழும். சிறுவர் பகுதி என்று பெயர் எழுதிய அலுமாரியைத் திறந்து பார்த்தால் மூன்று வகை கிடக்கும். பழைய பாடநூல்கள். வெளிநாட்டிலிருந்து வந்த ஆங்கிலப் புத்தகங்கள், பெரும்பாலும் குளிர்நாட்டுப் படங்களோடு. அப்புறம், யாரோ வீடு மாறும்போது தந்துவிட்டுப் போன பழைய தமிழ் நூல்கள். மூன்றாவது வகையில் ஒரு சிக்கல் உண்டு, பெரியவர்கள் கண்ணில் அது படுவதேயில்லை. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவந்ததற்கு முந்திய அச்சில் லை, னை, ணை, றா, னா எல்லாம் பழைய கொம்போடும் சுழியோடும் இருக்கும். நாங்கள் யோசிக்காமல் வாசித்துக்கொண்டு போவோம். தரம் 3 பிள்ளை ‘யானை’யிலேயே நின்றுவிடும். அது பிள்ளையின் பிழை இல்லை, அந்த எழுத்தை யாரும் அதற்குக் காட்டவில்லை.

ஆகவே இருப்பைக் கழிக்கவும் வேண்டாம், நம்பவும் வேண்டாம். தரையில் பரப்பி, மூன்று நான்கு பிள்ளைகளைக் கூப்பிட்டு, பிடித்ததை எடுத்து வைக்கச் சொன்னால் அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். அவர்கள் எடுத்துவைப்பது முப்பது நாற்பது தேறினால் அதுவே லாபம். மீதியை விடுமுறை முடியும்வரை கண்ணில் படாமல் வைப்பது நல்லது. நிறைந்த அலுமாரியில் நல்ல புத்தகம் ஒளிந்துகொள்ளும்.

இந்தியாவிலிருந்து வரும் மெல்லிய கதைப்புத்தகங்கள்

பதினாறு பக்கம், இருபத்துநான்கு பக்கம், வண்ணப் படம், பக்கத்துக்கு நாலைந்து வரி. இந்த வகையில் தமிழில் அதிகம் கிடைப்பது தமிழ்நாட்டுப் பதிப்பகங்களிலும், 1957இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்டின் சிறுவர் வரிசையிலும்தான். 1996 முதல் சென்னையில் இயங்கும் தூலிகா போன்றவை படத்துக்குப் பெயர் போனவை. நேஷனல் புக் டிரஸ்ட் நூல்களின் விலை குறைவு. ஆனால் இந்திய விலையைப் பார்த்து ஆசைப்பட்டுவிடக் கூடாது. இந்திய ரூபாய் ஒன்றுக்கு எங்கள் ரூபா மூன்றுக்கு மேல் போகிறது, அதற்குமேல் கப்பல் கூலியும் கடைக்காரரின் பங்கும் ஏறும். 2022க்கு முன்னர் வாங்கிய பழைய பட்டியலை வைத்துக்கொண்டு விலை மதிப்பிட்டால் பாதிப் புத்தகம்கூடத் தேறாது.

“இந்தியக் கதை எங்கட பிள்ளைகளுக்கு அந்நியமில்லையா?” என்று கூட்டங்களில் கேட்பார்கள். ஆட்டோவும் இட்லிக் கடையும் மாடிவீட்டுப் பூனையும் பிள்ளைக்கு அந்நியமாகப் படுவதில்லை. தொலைக்காட்சியில் பார்க்காததா? பிள்ளையைத் தடக்க வைப்பது வாக்கியம். இந்த வரிசைகளில் பல நூல்கள் இந்தியிலிருந்தோ ஆங்கிலத்திலிருந்தோ மொழிபெயர்த்தவை. சிலது தமிழில் பேசும், சிலது அகராதியைத் திறந்துவைத்துக்கொண்டு பேசும். அட்டையைப் பார்த்து இது தெரியாது. நடுப்பக்கத்தை விரித்து இரண்டு வாக்கியத்தை வாய்விட்டு வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கடையில் நின்று சத்தமாக வாசிக்க வெட்கப்படுகிறவரைப் புத்தகம் வாங்க அனுப்பாதீர்கள்.

பிள்ளையின் கையில் கொடுத்துப் பார்க்க இன்னொரு வழி, ஐந்து விரல் சோதனை. ஒரு பக்கத்தை வாசிக்கச் சொல்லி, தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்குவது, ஐந்தும் மடங்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்குப் பாரம். ஆங்கிலத்துக்கென்று வந்த முறை, தமிழுக்கு அதைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கிறது. எங்கள் பிள்ளைகள் சொல் தெரியாமல் நிற்பது குறைவு, சேர்த்து எழுதிய நீளத்தில்தான் நிற்பார்கள். தரம் 4 படிக்கும் ஒரு பிள்ளை ‘பார்த்துக்கொண்டிருந்தவர்களிடமிருந்து’ என்ற சொல்லில் மூன்று தரம் ஏறி இறங்கியது. ‘பார்த்து… கொண்டி… பார்த்துக் கொண்டிருந்த…’ என்று போய், முடிவில் “மிஸ், இதுக்கு எத்தின விரல்?” என்று நூலகரிடம் கேட்டது. பார்ப்பது, இருப்பது, அவர்கள் எல்லாம் அதற்குத் தெரிந்த சொற்கள்தான். எனவே தெரியாத சொல்லோ நீளச் சொல்லோ, எதில் நின்றாலும் ஒரு விரல் என்று வைத்தால் சரிவரும்.

இந்த வகையின் பெரிய குறை கட்டு. எல்லாம் நடுவில் இரண்டு கம்பிப் பின் அடித்தவை. வாவிக்கும் கடலுக்கும் நடுவில் குடியிருக்கிற எங்களுக்கு உப்புக் காற்றைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. பின் துருப்பிடித்து, நடுப்பக்கத்தில் மண்ணிறக் கறை ஊறி, ஒரு மாரி தாண்டினால் தாள் அந்த இடத்தில் கிழியும். பசை போட்டு ஒட்டிய தடித்த நூல்கள் மட்டும் என்ன வாழ்ந்தது? கச்சான் காற்றடிக்கும் மாதங்களில் பசை காய்ந்து வெடித்துப் பக்கம் பக்கமாகக் கழன்று வரும். பின் அடித்ததையாவது நாங்களே திருத்தலாம். நடுவை விரித்து, கத்தி நுனியால் பின்னின் இரண்டு காலையும் நிமிர்த்தி வெளியே எடுக்க வேண்டும். அந்த இரண்டு துளைக்கும் நடுவில் ஊசியால் மூன்றாவது துளை. மெழுகு தேய்த்த தடித்த நூலை உள்ளிருந்து நடுத் துளையால் வெளியே விட்டு, மேல் துளையால் உள்ளே எடுத்து, நேரே கீழ்த் துளைக்குக் கொண்டுபோய் வெளியே விட்டு, திரும்ப நடுத் துளையால் உள்ளே கொண்டுவந்து முடிந்துவிட்டால் சரி. பழகிய கைக்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது. தரம் 7, 8 பிள்ளைகளே செய்வார்கள். விடுமுறையின் முதல் நாளில் அவர்களை இந்த வேலையில் உட்கார்த்தினால் தைக்கும்போதே பாதிக் கதையை வாசித்துவிடுகிறார்கள், அது தனி லாபம்.

எங்கள் நாட்டுப் புத்தகங்கள்

மனத்துக்கு நெருக்கமான தெரிவு. தோணியும் வயல் வட்டையும் குளக்கட்டும் வரும் கதையைப் பிள்ளை முகம் மலர்ந்து வாசிப்பதைப் பார்த்தால் காசு முழுவதையும் இதிலேயே போட்டுவிடத் தோன்றும். சட்டென்று இறங்காமல் இருக்கக் காரணங்களும் உண்டு. இங்கே வரும் சிறுவர் நூல்களில் நிறைய ஆசிரியர்கள் சொந்தக் காசில் போடுபவை. ஓவியருக்குக் கொடுக்கப் பணம் மிஞ்சாது. பக்கம் முழுக்க எழுத்து, மூலையில் ஒரு சின்னக் கறுப்பு வெள்ளைப் படம், கடைசிப் பக்கத்தில் ஒரு அறிவுரை. பிள்ளை அறிவுரையை மோப்பம் பிடித்துவிடும், முதல் பக்கத்திலேயே.

இன்னொன்று எங்கள் ஊர் வழக்கம் சம்பந்தப்பட்டது. வெளியீட்டு விழாவில் முதற் பிரதி, சிறப்புப் பிரதி என்று உறையில் காசு வைத்து வாங்குவது நல்ல வழக்கம்தான். எழுதுகிறவரை இந்த மண் கைவிடாமல் இருப்பது அதனால்தான். நூலகத்தின் காசையும் அதே மாதிரி மரியாதைக்கு எடுத்துக் கொடுத்தால்தான் தொல்லை. விழாவில் வாங்குவது உங்கள் சொந்தப் பணமாக இருக்கட்டும். பிள்ளைகளின் பட்டியலில் சேர்ப்பதற்கு ஒரு பிரதியை மட்டும் எடுத்து மூன்று பிள்ளைகளிடம் கொடுங்கள். இரண்டு பேர் முடித்தால் நான்கு பிரதி வாங்கலாம். முடிக்காவிட்டால், எழுதியவர் என் நெருங்கிய நண்பராகவே இருந்தாலும் நான் வாங்கமாட்டேன்.

படமும் எழுத்தும் சமமாக அமைந்த இலங்கைச் சிறுவர் நூல்களே இல்லையென்று யாரும் நினைக்க வேண்டாம். 2005 முதல் இலங்கையில் இயங்கும் ரூம் டு ரீட் நிறுவனம் சிங்களத்திலும் தமிழிலும் வெளியிட்டவை அச்சிலும் படத்திலும் தரமானவை. அவை பாடசாலை வாசிப்பு மூலைகளுக்கே அதிகம் போயின. பக்கத்து ஆரம்பப் பாடசாலையில் அந்த வரிசை இருந்தால், விடுமுறைக்கு இரவலாகத் தருவார்களா என்று அதிபரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். பாடசாலைப் பூட்டுக்குள் கிடப்பதற்கு எங்கள் அலுமாரியில் நிற்கட்டுமே.

இங்கேயே சொல்ல வேண்டிய ஒன்று. எங்கள் நூலகத்துக்கு வருகிற பிள்ளைகளில் அம்மா என்கிறவர்களும் உண்டு, உம்மா என்கிறவர்களும் உண்டு. ஏறாவூர், காத்தான்குடி தொடங்கி மருதமுனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று வரை இந்தக் கரை முழுக்க இப்படித்தான் ஊரும் ஊரும் மாறிமாறி வரும். இந்திய நூல்களை மட்டும் அடுக்கினால் பண்டிகைக் கதைகளில் தீபாவளியும் பொங்கலுமே நிறையும், நோன்புப் பெருநாளுக்கு ஒரு பக்கமும் இருக்காது. ஒரு வாப்பா வந்து அலுமாரித் தட்டைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிப் போவார். மறுவாரம் மகள் வரமாட்டாள். இந்த இடைவெளியை நிரப்ப உள்ளூர் நூல்களால்தான் முடியும். விடுமுறைக் காலமும் எல்லோருக்கும் ஒன்றில்லை. முஸ்லிம் பாடசாலைகளின் தவணை நோன்பை ஒட்டி மாறும். இரண்டு நாட்காட்டியையும் பார்த்துவிட்டுத் திகதி குறியுங்கள்.

நாங்களே அச்சடித்தால்?

கூட்டத்தில் யாருக்கும் தோன்றாத, எனக்கு மிகவும் பிடித்த தெரிவு. இந்தியாவின் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிறையக் கிடக்கின்றன. நான்கு வாசிப்பு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரி, நான்காவதில் பந்தி பந்தியாக. திறந்த உரிமத்தில் இருப்பதால் எழுதியவர், வரைந்தவர், வெளியிட்டவர் பெயரைப் போட்டு யாரும் அச்சடிக்கலாம், சொற்களை மாற்றவும் செய்யலாம். அதில் பப்பாளி என்றிருப்பதைப் பப்பாசி ஆக்கவோ தாத்தாவை மூத்தப்பா ஆக்கவோ யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.

செலவைப் பாருங்கள். பதினாறு பக்கப் புத்தகத்தை ஏ4 தாளைப் பாதியாக மடித்துச் செய்தால் நான்கு தாள், எட்டு முகம். வண்ணப் பிரதி முகத்துக்கு 50 ரூபா என்று வைத்தால் 400. கடைப் புத்தகத்தின் விலை வந்துவிட்டது, ஆனால் படமும் தாளும் அந்தத் தரத்தில் வராது. கறுப்பு வெள்ளையில் முகத்துக்கு 10 ரூபா என்றால் 80 ரூபாவில் முடிந்தது. ஆகவே வண்ணத்தில் அடிக்கவே வேண்டாம். கோட்டோவியமாக இருக்கும் கதைகளைப் பார்த்துத் தெரிந்து, கறுப்பு வெள்ளையில் அடித்து, பிள்ளையிடம் நிறம் தீட்டக் கொடுத்துவிடுங்கள். அந்தப் பிரதி பிள்ளைக்கே சொந்தம், திருப்பித் தர வேண்டியதில்லை. பாடநூலைத் தவிர வேறு புத்தகம் இல்லாத வீடுகள் வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரைப் பக்கம் மட்டுமல்ல, நகரத்துக்குள்ளும் இருக்கின்றன. அங்கே ஒரு புத்தகம் போய் நிரந்தரமாகத் தங்கும்.

இதே வழியில் எங்கள் ஊர்ச் சரக்கையும் அச்சடிக்கலாம். பாட்டிமாரிடமும் மூத்தம்மாக்களிடமும் கேட்டு நொடிகளை, அதாவது விடுகதைகளை, திரட்டினால், விடையைப் பின்பக்கத்தில் தலைகீழாகப் போட்டு, நான்கு தாளில் ஒரு நொடிப் புத்தகம் தயார். நான் பார்த்த அளவில் பிள்ளைகள் அடிபிடிப்பட்டு எடுப்பது இந்த வகையைத்தான். வாசிக்கத் தயங்குகிற பையனும் இன்னொருவனை மடக்குவதற்காக வாசிப்பான். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகளின் பாடல்களைச் சேர்க்கவும் தடையில்லை. அவர் 1947இல் காலமானவர். ஆசிரியர் வாழ்நாளுக்குப் பின் 70 ஆண்டு என்கிற 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டப்படி பார்த்தாலும் காலம் கடந்துவிட்டது. வாழும் எழுத்தாளரின் கதையை மட்டும் கேட்காமல் பிரதி எடுக்காதீர்கள். கேட்டால் பெரும்பாலும் சந்தோஷமாகத் தருவார்கள்.

குறை, உழைப்பு. யாராவது கணினியில் உட்கார்ந்து பக்கம் ஒழுங்குபடுத்த வேண்டும், மடிக்க வேண்டும், தைக்க வேண்டும். வாசகர் வட்டம் பெயரளவில் மட்டும் இருக்கிற ஊரில் இது நடக்காது, அங்கே இதைத் தொடங்காமல் விடுவதே நல்லது.

ஆங்கிலம், கலைக்களஞ்சியம், படக்கதை

ஆங்கிலம் வேண்டும் என்று கேட்கும் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் விடுமுறையில் தனியே வீட்டில் இருந்து வாசிக்கும் பிள்ளைக்குத் தனி ஆங்கிலப் புத்தகம் உதவுவது குறைவு, சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டும். இருமொழி நூல்கள் பரவாயில்லை. ஒரு பக்கம் தமிழ், எதிர்ப்பக்கம் ஆங்கிலம். விலைதான் உறைக்கும். சில நூல் போதும், கேட்கிறவருக்குக் காட்டவும் இருக்கும்.

கலைக்களஞ்சியம் பற்றி ஒரு வரி: அது உசாத்துணைப் பகுதிக்கு, இந்தக் காசுக்கு இல்லை. விபுலாநந்த அடிகள் பிறந்த அதே 1892இல் சீர்காழியில் பிறந்தவர் நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன். அவர் 1931இல் எழுதிய நூலக விதிகள் ஐந்தில் ஒன்று, ஒவ்வொரு நூலுக்கும் அதன் வாசகர் என்பது. பதினையாயிரம் ரூபா களஞ்சியத்துக்கு விடுமுறையில் எத்தனை வாசகர் வருவார்கள்? படம் பார்க்க இரண்டு பேர் வருவார்கள், அதுவும் மனித உடல் பக்கத்துக்கு.

படக்கதையை நான் விடமாட்டேன். தரம் 6க்கு மேற்பட்ட பையன்கள்தான் நூலகத்தைக் கைவிடும் முதல் ஆட்கள். அவர்கள் கையில் தடித்த நாவலைக் கொடுத்தால் மரியாதைக்கு வாங்கிக்கொண்டு போய், மரியாதைக்குத் திருப்பித் தருவார்கள். படக்கதையை அங்கேயே நின்று வாசிப்பார்கள். முத்து காமிக்ஸ் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கியது 1972இல். “இது படிப்பைக் கெடுக்கும்” என்று கூட்டத்தில் சொல்லும் தகப்பன்மார் சிலர் அதை ஒளித்து வைத்து வாசித்தவர்கள்தான், கேட்டுப் பாருங்கள், ஒத்துக்கொள்வார்கள். இப்போது வரும் பெரிய வண்ணப் பதிப்புகள் எங்கள் 400க்குள் அடங்காது. பழைய புத்தகக் கடையில் கிடைப்பதைப் பொறுக்க வேண்டும், கூடவே சிறுவர் இதழ்களின் பழைய தொகுப்புகள். துப்பாக்கியும் இரத்தமும் மிஞ்சியதை ஒதுக்கிவிடுங்கள், மற்றதை வாசிக்க விடுங்கள்.

கைபேசியில் வாசிக்கலாமே என்பவர்களுக்கு: பெரிய பிள்ளைகளுக்குச் சரி. 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் இதழ்களும் ஏராளம், திட்டம் நடத்துகிறவர்களுக்கு அது பொக்கிஷம். ஆனால் தரம் 3 பிள்ளையிடம் கைபேசி இல்லை, அப்பாவிடம் இருக்கிறது. அப்பா பின்னேரம்தான் வருவார். வந்தபிறகு அதில் கதை வாசிக்க யார் விடப்போகிறார்கள்?

காசைப் பிரித்தால்

என் கையில் விட்டால் ஒரு இலட்சத்தில் 40,000ஐ இந்திய மெல்லிய கதைப்புத்தகங்களில் போடுவேன், இருபத்தைந்து தலைப்பு, தலைப்புக்கு நான்கு பிரதி. நூறு தலைப்பு வாங்கலாமே என்று கேட்பார்கள். சின்னப் பிள்ளைகள் தனியாக வாசிப்பதில்லை, கூட்டாளி வாசித்ததையே கேட்பார்கள், அதுவும் இன்றைக்கே. ஒரு பிரதி வைத்துக்கொண்டு “அடுத்த கிழமை வா மகன்” என்று சொன்னால் அந்த ஆசை அடுத்த கிழமை வரை நிற்காது. தரம் 6க்கு மேலே இது தலைகீழ். அங்கே பிரதி வேண்டாம், தலைப்புகள் வேண்டும்.

25,000 இலங்கை நூல்களுக்கு, மேலே சொன்ன மூன்று பிள்ளைச் சோதனைக்குப் பிறகு. 15,000 அச்சடிப்புக்கு: 80 ரூபா வீதம் நூற்றைம்பது பிரதி 12,000, மீதி அட்டைக்கும் நூலுக்கும். 10,000 படக்கதை, விளையாட்டு, பறவை, மீன் என்று பெரிய பையன்களையும் பெட்டைகளையும் இழுத்துப் பிடிக்கிறவற்றுக்கு. 5,000 இருமொழி நூல்களுக்கு. கடைசி 5,000 மேலுறைக்கும் ஊசி நூலுக்கும், கறையான் பார்க்கவும் புத்தகம் அரிக்கும் இராமபாணப் பூச்சி பார்க்கவும். இந்தக் கடைசித் தொகையை முதலில் வெட்டத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். வெட்டினால் அடுத்த ஆண்டு மறுபடியும் ஒரு இலட்சம் தேட வேண்டும்.

புலமைப்பரிசில் எழுதும் தரம் 5 பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. பரீட்சை அண்மைய ஆண்டுகளில் ஆகஸ்டிலும் வந்திருக்கிறது, செப்டெம்பரிலும் ஒக்டோபரிலும் வந்திருக்கிறது. பரீட்சைக்கு முன் அம்மா வந்து, “மிஸ், இவனுக்குக் கதைப் புத்தகம் வேணாம், பாஸ்ட் பேப்பர் ஏதும் கிடந்தாத் தாங்க” என்பார். அவரோடு வாதாடி வெல்ல முடியாது. பாஸ்ட் பேப்பரையும் கொடுத்து, அதோடு ஒரு நொடிப் புத்தகத்தையும் வைத்துவிடுங்கள், நாலு தாள்தானே, ஆட்சேபிக்கமாட்டார். பரீட்சை முடிந்த மறுவாரம் அந்தப் பிள்ளைகள் நாள் முழுக்க வெறுமனே நிற்பார்கள். அவர்களுக்கென்று பத்துப் பன்னிரண்டு கொஞ்சம் நீளமான கதைகளை முன்கூட்டியே ஒதுக்கி வைத்தால் தேனீ மொய்த்த மாதிரி வந்து அள்ளுவார்கள்.

திரும்பி வராத புத்தகம் பற்றிக் கூட்டத்தில் நிச்சயம் ஒருவர் கேட்பார். விடுமுறைத் திட்டத்துக்குத் தண்டப்பணம் வைக்காதீர்கள். இருபது ரூபா தண்டத்துக்குப் பயந்து பிள்ளை வராமல் விட்டால் புத்தகமும் போயிற்று, பிள்ளையும் போயிற்று. பத்தில் ஒன்று திரும்பாது என்று முதலிலேயே கழித்துக் கணக்குப் போட்டுக்கொண்டால் யாருக்கும் தலையிடி இல்லை.

இனி, நேரம். பிரதேச சபைக் காசென்றால் விலைமனுக் கேட்க வேண்டும், அனுமதி வர வேண்டும், வந்த புத்தகத்தைப் பதிவேட்டில் ஏற்றி, இலக்கமிட்டு, முத்திரை குத்தி, உறை போட வேண்டும். ஜூன் நடுவுக்குள் பட்டியல் போகாவிட்டால் ஆகஸ்டுக்குப் புத்தகம் வராது. பிந்திவிட்டதென்றால் அச்சடிப்பையும் அலுமாரியில் பொறுக்கிய நாற்பதையும் வைத்துக்கொண்டு விடுமுறையைத் தொடங்கிவிடுங்கள். வாங்கும் புத்தகங்கள் ஒக்டோபரில் வாசிப்பு மாதத்துக்கு வந்து சேரட்டும். அதற்குள் எந்தத் தலைப்பில் நான்கு பிரதி வேண்டும், எது ஒன்றே போதும் என்று பிள்ளைகளே சொல்லியிருப்பார்கள். பட்டியலை அப்போது திருத்திக்கொள்ளலாம்.